ஐபேட் ஏர் 5 கையில் இருக்கிறது. எம்3 ஏருக்கு மாறலாமா? கணக்கு டியூஷனுக்காகக் கேட்கிறேன்

கும்பகோணம் கணக்கு டீச்சர்
நவம்பர் 8, 2025, சனி, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற வியாழக்கிழமை சீட்டுப் பணம் 80,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் புது ஐபேட் வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் "உனக்கு வேணும்னா வாங்கிக்கோ" என்கிறார். அது பதில் இல்லை. எனக்கு வேண்டுமா என்பதுதான் எனக்கே தெரியவில்லை.

நான் +1, +2 கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினான்கு வருடம் பள்ளியில் இருந்தேன், கொரோனா காலத்தில் விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் 12 பேர், ஆன்லைனில் 19 பேர். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். மழை நாளில் பஸ் பிடித்து வரவேண்டாம் என்று ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது. காலை 5.45-க்கு ஒரு வகுப்பு, மாலையில் இரண்டு. ஐபேடை மேஜைமேல் படுக்கவைத்து, குட்நோட்ஸ் என்ற குறிப்பெழுதும் செயலியில் ஆப்பிள் பென்சிலால் எழுதிக்கொண்டே திரையைப் பகிர்ந்துவிடுவேன். கரும்பலகை, சாக்பீஸ், டஸ்டர் எல்லாமே எனக்கு அந்த ஒரு பொருள்தான்.

கையில் இருப்பது ஐபேட் ஏர் ஐந்தாம் தலைமுறை, எம்1 சிப், 64 ஜிபி. 2022 ஜூனில் 54,900 கொடுத்து வாங்கினேன். பென்சில் இரண்டாம் தலைமுறை. இரண்டையும் இதுவரை கீழே போட்டதில்லை.

இப்போது மூன்று தொந்தரவு.

முதலாவது, என்னை ரொம்பவே வருத்துவது: சின்னக் கோடுகள் விழுவதில்லை. எழுத்து வந்துவிடுகிறது, எண் வந்துவிடுகிறது. கழித்தல் குறி மட்டும் சில நேரம் விழாமல் போகிறது. தொகையீட்டுக் குறியின் வால் அறுந்து நிற்கிறது. கணக்கு எடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். போன மாதம் நேர்மாறு அணி திருப்புதல் நடத்தினேன். அணிக்கோவையை விரிக்கும்போது நடு உறுப்புக்கு முன்னால் கழித்தல் வரவேண்டும். நான் எழுதினேன், கை அசைந்தது, கோடு விழவில்லை. வாயால் "மைனஸ்" என்று சொன்னதால் நான் கவனிக்கவும் இல்லை. வலங்கைமான் பிள்ளை ஒருத்தி திரையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதி, அதையே மனப்பாடமும் செய்து, அடுத்த தேர்வில் அதே மாதிரி எழுதி ஐந்து மதிப்பெண்ணை இழந்தாள். "டீச்சர், நீங்க போட்டதைத்தான் போட்டேன்" என்று பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அவள் சொன்னது சரி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது, இடம். 64 ஜிபியில் 61 நிரம்பிவிட்டது. வகுப்புப் பதிவுகள்தான் காரணம். தேர்வு நேரத்தில் பிள்ளைகள் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள், அழிக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, கேமரா. இந்த மாடலில் முன் கேமரா குட்டையான பக்கத்தில் இருக்கிறது. அகலவாக்கில் நிறுத்திவைத்துப் பேசினால் நான் எங்கேயோ பார்த்துப் பேசுவதுபோல் தெரிகிறது. 2024-ல் வந்த எம்2 ஏரிலிருந்து கேமராவை நீளப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

2025 மார்ச்சில் வந்த எம்3 ஏர், 11 இஞ்ச், 128 ஜிபி, 59,900 ரூபாய். கடைக்குப் போய்க் கையில் எடுத்தும் பார்த்தேன். என்னுடையதுக்கும் அதுக்கும் கண்ணை மூடிக்கொண்டால் வித்தியாசம் தெரியாது. திரை அதே 2360-க்கு 1640 புள்ளிகள், அதே 500 நிட் வெளிச்சம், விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் அதே 60 ஹெர்ட்ஸ். என்னுடையது 461 கிராம், அது 460. மேல் பொத்தானில் விரல்ரேகை, அதுவும் அப்படியே. சிப் இரண்டு தலைமுறை புதுசு, இடம் இரட்டிப்பு, கேமரா சரியான பக்கத்தில். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் அங்கேதான் தெரிந்தது. என் பென்சில் அதில் வேலை செய்யாது! எம்2 ஏர் வந்தபோதே இரண்டாம் தலைமுறைப் பென்சிலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். பென்சில் ப்ரோ 11,900. யுஎஸ்பி-சி பென்சில் 7,900, ஆனால் அதில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிப்பதில்லை. அப்படியென்றால் 59,900-உம் 11,900-உம் சேர்த்து 71,800. பழையதை எடுத்துக்கொண்டு 16,500 தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். கையிலிருந்து போவது 55,300.

அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. எம்3-க்குப் போனால் கழித்தல் குறி ஒழுங்காக விழுமா? அது விழும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் மற்றது எதையும் பார்க்காமல் வாங்கிவிடுவேன். இதே மாற்றத்தைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

சிவகாசி ஓவியன்
நவம்பர் 9, ஞாயிறு, காலை 7.15

மேடம், நான் இதே மாற்றத்தைச் செய்தவன்தான். ஏர் 5-லிருந்து ஏர் எம்3, ஆனால் 13 இஞ்ச். ஏப்ரலில் வாங்கினேன், 79,900.

என் தொழில் காலண்டர் படம் வரைவது. ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருட ஆல்பம் வெளியாகும். அதற்குமுன் மூன்று மாதம் ராப்பகலாக வரையவேண்டும். ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் பெரிய அளவுப் படம் எடுத்தால் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு) எண்ணிக்கை தீர்ந்துபோகும். முருகனுக்கு மயில் தோகை வரைய ஆரம்பித்தால் பாதியிலேயே லேயர்களை ஒன்றாகச் சேர்க்கவேண்டி வரும். எம்3 வந்தால் லேயர் கூடும் என்று நம்பி வாங்கினேன். கூடவில்லை. அந்த எண்ணிக்கை ராம் நினைவகத்தைப் பொறுத்தது; ஏர் 5-லும் 8 ஜிபி, எம்3-லும் 8 ஜிபி. வாங்குவதற்கு முன்னால் நான் இதைப் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை.

அதற்காக வருத்தப்படவில்லை. 13 இஞ்சில் முழுக் கை அசைத்து வரைய முடிகிறது. தோள் வலி குறைந்திருக்கிறது. பென்சில் ப்ரோவை விரலால் அழுத்தினால் தூரிகை மாறுகிறது, சுழற்றினால் முனை சாய்கிறது. எனக்கு இது நாள் முழுக்கப் பயன்படுகிறது. உங்களுக்கு ஒரே பேனா, ஒரே அழிப்பான். அதற்கு 11,900 அதிகம் என்பது என் எண்ணம்.

நீங்கள் 11 இஞ்சிலிருந்து 11 இஞ்சுக்கே போகிறீர்கள். திரை வேகமும் அதே 60 ஹெர்ட்ஸ். 120 வேண்டுமென்றால் ப்ரோதான், அது உங்கள் சீட்டுப் பணத்தைத் தாண்டிவிடும். எழுதும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு ஏர் 5-ல் எப்படியோ எம்3-லும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், இரண்டையும் வைத்து வரைந்தவன் சொல்கிறேன். கோடு விழாமல் போவது எனக்கு ஏர் 5-ல் நடந்ததே இல்லை. அதனால் உங்கள் பிரச்சினை சிப்பில் இல்லை என்று தோன்றுகிறது. எங்கே இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

என் பழைய பென்சில் இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. புதியதில் ஒட்டவே ஒட்டாது என்று பெட்டியைப் பிரித்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

---

கோவை ஆர்வலர்
நவம்பர் 9, ஞாயிறு, காலை 9.40

வாங்கிவிடுங்கள் மேடம். எம்1 வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. 64 ஜிபிக்கு இன்றைக்கு 16,500 கொடுக்கிறார்கள், அடுத்த வருடம் 10,000 கொடுப்பார்களா என்பதே சந்தேகம். கையில் பணம் வரும்போது மாற்றிவிடுவதுதான் நல்லது. செயற்கை நுண்ணறிவு வசதிகள் எல்லாம் இனிப் புதுச் சிப்புக்குத்தான் வரும். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

---

பழுது பார்ப்பவன், திருப்பூர்
நவம்பர் 9, ஞாயிறு, மதியம் 1.05

அக்கா, அவசரப்படாதீங்க. பதினோரு வருஷமா போன், டேப்லெட் சரிபண்ற வேலை. உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு ரெண்டு இடத்துல சந்தேகம்.

முதல்ல அமைப்புகளுக்குப் போய் ஆப்பிள் பென்சில் பக்கத்தைத் திறங்க. அங்க ஸ்கிரிபிள்னு ஒண்ணு இருக்கும். அது ஓடிக்கிட்டு இருந்தா அணைச்சுடுங்க. கையால எழுதினதை அச்செழுத்தா மாத்துற வசதி அது. நீங்க போடுற ஒவ்வொரு கோட்டையும் 'இது எழுத்தா, வேற எதாவதா'ன்னு அதுவும் பார்த்துக்கிட்டே இருக்கும். வேகமா எழுதும்போது குட்டிக் கோடு அதுல மாட்டிக் காணாமப் போகும். குட்நோட்ஸ்காரங்களே கோடு விட்டுப்போச்சுன்னா அதை அணைக்கத்தான் சொல்றாங்க. கழித்தல் குறியும் புள்ளியும்தான் அதிகமா தொலையும், ஏன்னா அதுங்கதான் குட்டி. உங்களுக்கு அச்செழுத்தா மாத்த வேண்டிய வேலை இல்லையே? அப்ப அது எதுக்கு?

அடுத்தது முனை. காகிதம் மாதிரி சொரசொரப்பா இருக்குற ஃபிலிம் ஒட்டியிருக்கீங்களா? டியூஷன் எடுக்கிறவங்க நிறையப் பேர் அதைத்தான் ஒட்டுறாங்க, பேனா வழுக்காம இருக்கும். ஆனா அது முனையைத் தேய்ச்சுடும். தினம் மூணு வகுப்பு எழுதுறீங்க, மூணே முக்கால் வருஷமா... இல்ல, மூணு வருஷம் அஞ்சு மாசம். முனையை ஒரு தடவையாவது மாத்தினீங்களா? சாய்ச்சுப் பாருங்க, ஒரு பக்கம் தட்டையா வெட்டின மாதிரி இருந்தா போச்சு. உள்ளே உலோகம் தெரிஞ்சா அதோட எழுதவே எழுதாதீங்க, கண்ணாடி கீறிடும். முனை தேயலைன்னாலும் லூசா இருக்கலாம். கடிகாரம் சுத்துற பக்கமா விரலால மெதுவா முறுக்குங்க. முனை லூசா இருந்தாலே கோடு விட்டு விட்டுத்தான் விழும். என்கிட்ட 'பென்சில் செத்துப்போச்சு'ன்னு கொண்டுவந்த ரெண்டு மூணு பேருக்கு அங்கேயே முறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கேன். காசு வாங்கல.

இதை ரெண்டையும் தனித்தனியா செஞ்சு பாருங்க. ஒரே நேரத்துல செஞ்சா எதனால சரியாச்சுன்னு தெரியாது.

இடத்துக்கு 128 ஜிபி மருந்தில்ல. 64 மூணு வருஷத்துல நிரம்பினா 128-உம் நிரம்பத்தான் போகுது. வெளியே சொருகுற சேமிப்பு, யுஎஸ்பி-சி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்குங்க. 500 ஜிபி நான் போன மாசம் 4,600-க்கு வாங்கினேன். கம்ப்யூட்டர்ல எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மேட் பண்ணிட்டு நேரா ஐபேட்ல சொருகுங்க, ஃபைல்ஸ் செயலியில தெரியும். ஏர் 5-ஓட துளை விநாடிக்கு 10 ஜிகாபிட் வரைக்கும் போகும், ஒரு வகுப்புப் பதிவு போக ஒரு நிமிஷம்கூட ஆகாது. மின்சாரத்தை ஐபேட்லேர்ந்துதான் இழுக்கும், அதனால சார்ஜ் இருக்கும்போது மாத்துங்க.

கோவை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. எம்1 பழசுதான், ஒத்துக்கிறேன். ஆனா செப்டம்பர்ல வந்த ஐபேட் மென்பொருள் ஐபேடுஓஎஸ் 26, 2019-ல வந்த மூணாம் தலைமுறை ஏருக்கே கிடைச்சிருக்கு. அது ஏ12 சிப். எம்1 அதைவிட ரொம்ப மேல. ஆப்பிளோட செயற்கை நுண்ணறிவு வசதிக்கும் எம்1 போதும், 7 ஜிபி இடம்தான் காலியா வேணும். அதுல தமிழ் கிடையாது, அக்காவோட வகுப்புக்கு அது எதுக்கும் ஆகாது.

பேட்டரி எப்படி இருக்குன்னு சொல்லவே இல்லையே? ஏர் 5-ல அமைப்புகளுக்குள்ள பேட்டரி ஆரோக்கியம் காட்டாது, எம்2 ஏர்லேர்ந்துதான் காட்டும். ஆயிரம் சுற்று சார்ஜுக்கு அப்புறமும் 80 சதவீதம் நிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. காலை வகுப்பை 100-ல ஆரம்பிச்சு முடிக்கும்போது எவ்வளவு இருக்குன்னு குறிச்சு வையுங்க. பேட்டரி நல்லா இருந்தா இந்த ஐபேடுக்கு இன்னும் வயசு இருக்கு.

---

கும்பகோணம் கணக்கு டீச்சர்
நவம்பர் 9, ஞாயிறு, மாலை 4.20

தம்பி, ரொம்ப நன்றி. ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். முனையை மாற்றலாம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பென்சில் வந்த பெட்டியில் கூடுதல் முனை எதுவும் இல்லை, அதனால் அது நிரந்தரமாக ஒட்டியது என்று நினைத்திருந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் உளியால் சீவியதுபோல் இருக்கிறது. உலோகம் தெரியவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. ஸ்கிரிபிளும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நான் போட்ட நினைவே இல்லை.

இன்னும் எதையும் தொடவில்லை. தனித்தனியாகச் சோதித்துவிட்டு எழுதுகிறேன். முனை வாங்க நாளை ஆள் அனுப்புகிறேன்.

பேட்டரி: காலை வகுப்பு ஒன்றேகால் மணி நேரம். 100-ல் ஆரம்பித்தால் 84, 85-ல் முடிகிறது.

---

நாகை பொண்ணு
நவம்பர் 9, ஞாயிறு, இரவு 9.30

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை, இப்போது எம்.எஸ்சி. படிக்கிறேன். ஆனால் 2020-ல் +1 முழுக்க ஆன்லைனில் படித்தவள், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

என்னிடம் இருந்தது அப்பாவின் போன். ஐந்தரை இஞ்ச் இருக்கும். தம்பியும் அதில்தான் படித்தான். எங்கள் சார் எவ்வளவு பெரிய டேப்லெட் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எனக்குக் கிடைத்தது அந்த ஐந்தரை இஞ்ச்தான். சார் ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை இரண்டு கணக்கு போடுவார், மெல்லிய பேனாவில். டவர் குறைந்தால் படம் மங்கும், அப்போது முதலில் மறைவது அடுக்குக் குறியும் கழித்தல் குறியும். இரண்டின் அடுக்கு மூன்றா, இருபத்து மூன்றா என்று எத்தனை நாள் தடுமாறியிருக்கிறேன். உங்கள் பக்கம் கோடு ஒழுங்காக விழுந்தாலும் எங்கள் பக்கம் வந்து சேரவேண்டும் டீச்சர்.

அடுத்து, நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சார் பக்கத்தை நகர்த்திவிடுவார். "சார், கொஞ்சம் மேலே" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும்.

முகம் தெரிவது நல்லதுதான். ஆனால் கணக்கு போடும் நேரத்தில் நான் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைத்தான் பிடித்துக்கொண்டு போவேன். சார் அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டால் "நல்லா இருக்கு டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.

---

கும்பகோணம் கணக்கு டீச்சர்
நவம்பர் 16, ஞாயிறு, இரவு 8.45

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கேட்ட எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கழித்தல் குறி. திங்கள் மதியம் உட்கார்ந்து, வகுப்பில் எழுதுகிற வேகத்திலேயே வரிசையாக நூறு கழித்தல் குறி போட்டேன். எண்ணிப் பார்த்தால் 92 விழுந்திருந்தது. எட்டு தொலைந்திருக்கிறது. ஒரு நேர்மாறு அணிக் கணக்கில் பத்துப் பதினைந்து கழித்தல் வரும், அப்படியானால் ஒவ்வொரு கணக்கிலும் ஒன்றாவது போயிருக்கும். அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு ஸ்கிரிபிளை அணைத்துவிட்டு மறுபடி நூறு. 98. புது முனை செவ்வாய்க்கிழமை வந்தது. மாற்றி, விரலால் முறுக்கி, மறுபடி நூறு. நூறும் விழுந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை போட்டேன். நூறு, நூறு.

முனை நான்கு உள்ள ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். இனிமேல் ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் முனையைச் சாய்த்துப் பார்ப்பேன். பேனாவுக்கு மை தீர்ந்தால் மாற்றுகிறோம், சாக்பீஸ் தேய்ந்தால் வேறு எடுக்கிறோம். இதற்கும் அப்படித்தான் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் போயிருக்காது. வியாழக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு உன்னுடையது இல்லை, என் பேனாவுடையது என்று முனையைக் காட்டினேன். பழைய பதிவுகளில் அணிகள் பாடம் முழுக்க உட்கார்ந்து பார்த்து, விட்டுப்போன குறிகளை எல்லாம் எழுதி ஒரு திருத்தப் பட்டியல் அனுப்பியிருக்கிறேன். பதினேழு இடம் வந்தது. கலப்பு எண்கள் பாடத்தை இன்னும் பார்க்கவில்லை, அதை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, நாகை பொண்ணு சொன்னதைச் செய்தேன். பத்தொன்பது பேரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று நாள் ஆனது. பதினேழு பேர் போனில்தான் பார்க்கிறார்கள். ஒருவன் அண்ணனின் லேப்டாப்பில், ஒருத்தி டிவியில். திரை பெரிதாக வேண்டும், படம் தெளிவாக வேண்டும் என்று என் பக்கத்து ஐபேடைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பதினொரு பேர் சத்தத்தைத்தான் சொன்னார்கள். நான் குனிந்து எழுதும்போது குரல் மேஜைக்குப் போகிறதாம், மின்விசிறி மேலே வருகிறதாம். பாபநாசத்துப் பையன் ஒருவன், "டீச்சர், நீங்க நிமிர்ந்தாத்தான் கேக்கும், அதனால நீங்க நிமிர்ற வரைக்கும் காத்திருப்பேன்" என்றான். மூன்று வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

சட்டைக் காலரில் மாட்டுகிற மைக் ஒன்று 1,150-க்கு வாங்கினேன். பேனாத் தடிமனை இரண்டு படி ஏற்றினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு, அதுவும் மேல் பாதியில். பக்கத்தைத் திருப்புவதற்குமுன் "எழுதியாச்சா?" என்று கேட்டு, மூன்று பேராவது பதில் போடும் வரை காத்திருக்கிறேன். வகுப்பு பத்து நிமிடம் நீள்கிறது. நீளட்டும்.

கேமராவைப் பற்றி எனக்கே ஒன்று புரிந்தது. எழுதும்போது ஐபேட் மேஜையில் படுத்துக் கிடக்கிறது. அப்போது கேமரா எந்தப் பக்கம் இருந்தால் என்ன, கூரையைத்தான் பார்க்கும். எம்3-லும் அப்படித்தான் பார்க்கும். முகம் தெரியவேண்டிய நேரத்துக்கு என் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி இரண்டாவது ஆளாக வகுப்பில் சேர்த்துவிட்டேன். முகம் போனில், எழுத்து ஐபேடில். ஒன்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி வருகிறது.

எஸ்எஸ்டியும் வந்துவிட்டது. பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றியபின் ஐபேடில் 38 ஜிபி காலி. போன வருடம் ஐபேடுஓஎஸ் 18-ல் கால்குலேட்டரும் மேத் நோட்ஸும் வந்தன; இடமில்லை என்ற பயத்தில் நான் புதுப்பிக்காமலே விட்டிருந்தேன். இப்போது 26-க்கே புதுப்பித்துவிட்டேன். சமன்பாட்டைக் கையால் எழுதினால் பக்கத்திலேயே வரைபடம் போட்டுக் காட்டுகிறது. பரவளையம் நடத்தும்போது எண்ணை மாற்ற மாற்ற வளைவு விரிவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். வாங்கவே வேண்டாத ஒரு வசதி என் மேஜையிலேயே ஒரு வருடம் காத்துக் கிடந்திருக்கிறது.

ஆக, எம்3 வாங்கவில்லை. கோவை ஐயா, நீங்கள் சொன்ன மறுவிற்பனைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அடுத்த வருடம் 10,000-தான் கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டால் எனக்கு நஷ்டம் 6,500. அதைத் தவிர்க்க இப்போது 55,300 செலவழிக்க மனம் வரவில்லை. எம்2-வோ எம்3-யோ ஏற்கெனவே கையில் இல்லாமல், ஐபேடே முதல்முறை வாங்குகிறவராக இருந்தால் நான் எம்3-யையே வாங்கச் சொல்வேன், நல்ல பொருள். ஏர் 5 வைத்திருப்பவர்கள் 11 இஞ்சுக்கே மாறுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இது ஒருநாள் ஓய்ந்தபின் வாங்கினால் சிவகாசி ஐயா சொன்ன மாதிரி 13 இஞ்சாகத்தான் வாங்குவேன், என் கண்ணுக்காகவும் தோளுக்காகவும்.

சீட்டுப் பணத்தில் மீதம் இருப்பது பிள்ளைகள் வரும் முன்னறைக்கு இன்வெர்ட்டர் போட. மழை வந்தால் காலை வகுப்பில் கரண்ட் போய்விடுகிறது, வைஃபையும் சேர்ந்து போகிறது. அது ஐபேடைவிடப் பெரிய தொந்தரவு, ஏனோ என் பட்டியலில் எழுதவே இல்லை.

சிவகாசி ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இழுப்பறையில் இருக்கும் இரண்டாம் தலைமுறைப் பென்சிலை விற்பதாக இருந்தால் விலை சொல்லுங்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நடு வகுப்பில் அது நின்றுவிட்டால் கைக்கு எடுக்க இன்னொன்று வேண்டும்.

---

சிவகாசி ஓவியன்
நவம்பர் 16, ஞாயிறு, இரவு 9.20

விலை எல்லாம் வேண்டாம் மேடம். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளை பார்சலில் போட்டுவிடுகிறேன். முனை மட்டும் தேய்ந்திருக்கிறது, நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.